அப்பாவுக்கு மட்டும் வருகிற பாட்டு

இதுவும் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறது, அரண்மனை வாசலில் எக்காளம் ஊதுவது மாதிரி ஆரம்பித்து ஒய்யாரமாகப் போகிறது, வருகிற சனிக்கிழமை வெள்ளைச் சேலையும் முகத்தை மூடுகிற நெட்டுமாக நான் இதற்கு நடந்து வந்தால் கோயில் மொத்தமும் எழுந்து நின்று பார்க்கும், இருந்தாலும் வேண்டாம், ஏனென்றால் இதை ஃப்ளோரா அக்கா வாசித்துவிடுவாள். இதற்கு முன்னால் அப்பா வாசித்துக் காட்டியவற்றையும் வாசித்துவிடுவாள். ஆர்கன் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக்கொண்டே தலையை ஆட்டுகிறாளே, அந்த ஆட்டலிலேயே தெரிகிறது, இது எனக்கு வரும் சார், இதுவும் வரும் சார். அவளுக்கு வந்தால் எனக்கு ஆபத்து. அவள் வாசித்தால் அப்பாவுக்கு அன்றைக்கு ஆர்கனில் வேலை இல்லை, வேலை இல்லாத அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார், முழங்கையை மடக்கி நீட்டுவார், நான் அதற்குள் கையைக் கோத்துக்கொண்டு ஆல்டர் வரைக்கும் நடந்து வர வேண்டும். மாட்டேன். யார் கையை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்கிறேன், அம்மா கையை, மாமா கையை, இந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளையின் கையைக்கூட, இவர் கையை மட்டும் மாட்டேன். எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், துரைசிங் மாஸ்டர் என்கிற என் அப்பா, அவரால் வர முடியாத நாளில் ஃப்ளோரா அக்கா. ஆகவே நான் தேட வேண்டியது நல்ல பாட்டு இல்லை, ஃப்ளோரா அக்காவுக்கு வராத பாட்டு. அப்பா மட்டுமே வாசிக்க முடிந்த பாட்டு. அது கிடைத்துவிட்டால் அவர் ஆர்கனை விட்டு எழுந்திருக்க முடியாது, நான் பிழைத்துக்கொள்வேன்.

"என்ன, இதும் பிடிக்கலயா?" என்று அப்பா திரும்பாமலே கேட்கிறார். எனக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் நல்ல பழக்கம், ஆர்கன் முன்னால் உட்கார்ந்த முதுகு, வீட்டில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்த முதுகு, சட்டைக் காலருக்கு மேலே ஒழுங்காக வெட்டின முடி. "கொஞ்சம் சத்தமா இருக்குப்பா" என்கிறேன். எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது எனக்கு. முன் பெஞ்சில் அம்மா உச்சுக்கொட்டுகிறாள். "ஏட்டி, ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலயேன். வீட்ல முறுக்குச் சுட ஆள் வந்து காத்துக் கெடக்கா." முறுக்கு. ஒருத்தி தலை போகிற யோசனையில் இருக்கும்போது முறுக்கு. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வந்தோம், வெயில் ஜன்னல் கண்ணாடியின் சிவப்பையும் நீலத்தையும் பெஞ்சு பெஞ்சாக நகர்த்திக்கொண்டு போகிறது, மின்விசிறி காற்றைத் தராமல் சத்தத்தை மட்டும் தருகிறது, நான் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயே தேர்ந்தெடு என்று அவர் சொன்னதே அதிசயம். ஹெப்சிபா என்று பெயர் வைத்தது அவர், காமர்ஸ் படிக்கச் சொன்னது அவர், கிளாட்சனைப் பார்த்ததும் அவர்தான். பார்த்தார் என்று சொல்லக் கூடாது, கேட்டார். கிளாட்சன் பேஸ் பாடுவான், எங்கள் பாடகர் குழுவில் அந்தக் கனத்த குரலுக்குப் பஞ்சம், பையன் எப்படி என்று அம்மா கேட்டதற்கு அப்பா சொன்ன பதில், "நல்லா கீழ வரைக்கும் இறங்குது." அதிர்ஷ்டம், இறங்குகிறவன் நல்லவனாகவும் இருந்துவிட்டான். அதற்காக அப்பாவுக்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை, அது குருட்டாம்போக்கில் விழுந்தது. எந்தப் பாட்டு வைக்கலாம் என்று போனில் கேட்டபோது கிளாட்சன், "உன் இஷ்டம் ஹெப்சி. நான் சும்மா நிக்கப் போறவன், நடக்கப் போறவ நீதான" என்றான். நடக்கப் போகிறவள் நான்தான். யாரோடு என்பதுதான் கேள்வி.

வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கேட்கலாம். குருவானவர் எங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் வாசித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். சொன்னால் அவர் கத்த மாட்டார். கத்துகிற அப்பாவாக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், பாதிச் சண்டை என்றைக்கோ தீர்ந்திருக்கும். இவர் காரணம் என்ன என்று மட்டும் கேட்பார், சுருதி ஏன் சேரவில்லை என்று கேட்கிற அதே குரலில். காரணத்தைச் சொல்லிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. குடித்தாரா, இல்லை. அடித்தாரா, இல்லை. பென்சில் பிடித்தார். நான் வாசிக்கும்போது மணிக்கட்டு தாழ்ந்துவிடக் கூடாது என்று, சீவின பென்சிலை முனை மேலே இருக்கும்படி என் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். தாழ்ந்தால் குத்தும். அவர் குத்துவதில்லை, நானாகத்தான் குத்திக்கொள்வேன், அதில் உள்ள சாமர்த்தியமே அதுதான். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்து கோயில் அசனப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், தலையைத் தடவினார்கள், சும்மா காதைத் திருகினார்கள். என் அப்பா என்னைத் தொட்டதெல்லாம் திருத்துவதற்காக. முழங்கை உள்ளே, தோள் கீழே, விரல் வளைவாக. கிளாட்சன் முதன்முதலாக என் கையைப் பிடித்தபோது, ஏன் இவ்வளவு விறைப்பாக வைத்திருக்கிறாய், நான் என்ன ஊசியா போடப்போகிறேன் என்று கேட்டான். அவனிடம் என்னவென்று சொல்ல. இதை ஒரு காரணம் என்று கோயிலுக்குள் நின்று சொன்னால் அம்மாவே என்னைப் பார்த்துச் சிரிப்பாள், பிள்ளை நல்லா வரணும்னுதான பிடிச்சாரு என்பாள்.

சரி, பென்சிலை விடு. பதினாலு வயதில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. ஒரு பாட்டை நான் வாசிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அம்மா புதுச் சுடிதார் தைத்துக் கொடுத்தாள், கோயில் பிதுங்கியது, வராண்டாவில்கூட நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டாவது சரணத்தில், காலால் வாசிக்கிற பெடலில் என் கால் பக்கத்துக் கட்டைக்குப் போய்விட்டது. ஒரே ஒரு கட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா இடுப்பால் என்னைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே அவர் கைகள் என் கைகள் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன, தாளம் தப்பவில்லை, பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பெஞ்சின் ஓரத்திலிருந்து வழுக்கி ஆர்கனுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தேன், ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தூசியிலேயே இருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கன்னத்தைக் கிள்ளினார்கள். மாஸ்டர் பிள்ளைல்லா, என்னமா வாசிச்சா, அந்தக் கடைசிச் சரணத்துல அப்பிடியே புல்லரிச்சுப் போச்சு. கடைசிச் சரணம் அவர் வாசித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார், என்னைப் பார்த்துக் கண்ணையாவது சிமிட்டுவார் என்று. அவர், "தேங்க்யூ, தேங்க்யூ" என்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் ஆர்கனைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. இப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன், அங்கே தப்பு செய்தால் திருத்திக்கொள்ளக் கொஞ்சம் நேரம் தருகிறார்கள்.

அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். வயலின்களுக்கு எழுதினதை ஆர்கனுக்கு மாற்றியது, அதே எட்டு ஸ்வரம் கீழே திரும்பத் திரும்ப வர மேலே இழைத்து இழைத்துக்கொண்டே போகிறது. கேட்டால் நெஞ்சு இளகும், எனக்கும் இளகுகிறது, ஆனால் இளகுவதற்கு இது நேரமில்லை. ஃப்ளோரா அக்கா இதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பாள். வேண்டாம். மனதில் நான் முதலில் வைத்திருந்தது ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியது, கைகள் இரண்டும் மூச்சுவிடாமல் ஓட, கால்கள் கீழே தனியாக முழங்கும். ஈஸ்டர் அன்று அப்பா அதை வாசித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், ஃப்ளோரா அக்காவுக்கு அதில் ஒரு பக்கம்கூட வராது. அதையே சொல்லிவிடுவது என்று இரண்டு நாளாகத் தெம்பாகத் திரிந்தேன். நல்ல வேளை, இன்று காலையில் பல் தேய்க்கும்போது புத்தி வந்தது. அது ஆராதனை முடிந்து வெளியே போகும்போது வாசிக்கிறது. அதைச் சொன்னால் அப்பா கெட்டிக்காரத்தனமாக, வரும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீயும் மாப்பிள்ளையும் போகும்போது ஆர்கனில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன் என்பார். கையும் அவருக்கு, ஆர்கனும் அவருக்கு. எனக்கு வேர்த்துவிட்டது, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே வரும்போது வாசிக்கிற மாதிரி நிதானமாகவும் இருக்க வேண்டும், யாருக்கும் வராததாகவும் இருக்க வேண்டும். வாய் கொப்புளித்து முடிப்பதற்குள் அது ஞாபகம் வந்தது. பழைய ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது, கேட்டால் பச்சைப் பிள்ளைபோலச் சாதுவாக இருக்கும், வாசிக்க உட்கார்ந்தால்தான் தெரியும் சங்கதி. வலது கை ஒரு பாட்டு, இடது கை வேறொரு பாட்டு, கால்கள் மூன்றாவதாக ஒரு பாட்டு, மூன்றும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் போகும், எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிற மாதிரி. ஃப்ளோரா அக்காவின் கால்கள் அதற்கு உதவாது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுவைப்பாள், வலது கால் சத்தம் கூட்டுகிற மிதியின் மேல் ஓய்வெடுக்கும்.

"அப்பா" என்கிறேன். காலியாக இருக்கிற கோயிலில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. "திருவிருந்து நேரத்துல சில நாள் வாசிப்பீங்கல்லா, மூணும் தனித்தனியா போகும், கால் தனியா பாடும். அது வேணும்." வாசிப்பு நிற்கிறது. முதுகு அசையவில்லை. கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் எப்படி இருப்பார், பாட்டு விஷயத்தில் அவர் காதுக்குத் தப்பினது எது. ஒரு நிமிஷம் கண்டுபிடித்துத் தொலைக்கட்டுமே என்றும் தோன்றுகிறது. "அதையா?" என்கிறார் மெதுவாக. "அதத்தாம்ப்பா." ஃப்ளோரா அக்கா கையை விரித்துச் சிரிக்கிறாள். "ஏ பிள்ள, அது எனக்கு எங்க வரப்போகுது? சாருக்கே விரலும் காலும் முறுக்கிக்கிடும்." வராது என்று சொல்லிவிட்டாள், அவளே சொல்லிவிட்டாள், அவளுக்கு ஆயிரம் வருஷம் ஆயுசு. ஆனால் அவள் வாய் சும்மா இருக்கிறதா, உதவி செய்கிற வாய் ஆயிற்றே. "சார், ஒண்ணு செய்யட்டா? பெடல விட்டுட்டுக் கையி மட்டும் வாசிச்சிருதேன். கல்யாணக் கூட்டத்துல யாருக்குத் தெரியப்போகுது? எல்லாரும் பொண்ணத்தான பாப்பாங்க." அடிப்பாவி. உன்னை யார் கேட்டது. நான் இரண்டு நாளாக மூளையைக் கசக்கிக் கட்டினதை ஒரு வார்த்தையில் இடிக்கிறாள், அதுவும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. சரி என்று சொல்லிவிடுவார், கல்யாணம்தானே என்று சொல்லிவிடுவார், அப்புறம் கோட்டு, வாசல், முழங்கை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். அப்பா இப்போதுதான் முதல் தடவையாகத் திரும்புகிறார், என் பக்கம் இல்லை, ஃப்ளோரா அக்கா பக்கம். "பெடல் இல்லாமலா?" முகம் சிவந்திருக்கிறது. "அதுக்கு எல்லாரும் வாய மூடிட்டுச் சும்மா இருக்கலாம்."

"நான்தான் வாசிக்கணும். வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்கிறார். "நீ கூட்டிட்டு வந்துரு." பேருந்து நிலையத்தில் இறங்குகிற விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிற மாதிரி. அம்மா எழுந்தே விட்டாள். "என்ன பேச்சுங்க இது? ஒத்தப் பிள்ள. அப்பன் உயிரோட இருக்கையில நான் கூட்டிட்டு வந்தா ஊரு என்ன சொல்லும்?" "ஊரு கேக்கும்லா, வாசிக்கது யாருன்னு" என்கிறார் அப்பா, சிரிக்கிறார், உண்மையாகவே சிரிக்கிறார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு புத்தக அடுக்கிலிருந்து அந்தப் பாட்டைத் தேட ஆரம்பிக்கிறார். ஜெயித்துவிட்டேன். இதோ, முடிந்தது, அந்தக் கை எனக்கு இல்லை. குதிக்க வேண்டும் நான். ஆனால் அவர் ஒரு மூச்சு விடுகிற நேரமாவது யோசித்திருக்கலாம். ஐயோ, அப்போ உன்கூட நடக்க முடியாதே என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை. நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன், வெறுப்போடு கேட்டிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன். அவரை ஆர்கனில் கட்டிப்போட நான் இத்தனை வேலை செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம், அந்த ஆள் சும்மா கேட்டிருந்தாலே கழன்றுகொண்டிருப்பார். அழுகை வருகிறது. அழுகை வருகிறதே என்று ஆத்திரம் வருகிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எல்லாப் பெண்களும் அழுவார்கள் என்று ஃப்ளோரா அக்கா கைக்குட்டையை நீட்டுகிறாள், அவளை என்ன செய்தால் தேவலை.

"வா, நடந்து பாத்துருவோம். வாசலுக்குப் போ" என்கிறார் அப்பா. போகிறேன். போகச் சொன்னால் போகிற கால்கள் என் கால்கள். "முதல்ல இடது கால். நான் ஆரம்பிச்சதும் எடுத்துராத, ரெண்டாவது வரியில பெடல் சேரும், அப்ப எடு." ஆரம்பிக்கிறார். நன்றாக வாசிக்கிறார், அதுதான் கொடுமை. மோசமாக வாசிக்கிற ஒருவரை வெறுப்பது சுலபம். வலது கை என்னவோ கேட்பது மாதிரி கேட்கிறது, இடது கை பதில் சொல்லாமல் தன் பாட்டுக்குப் போகிறது, கால்கள் கீழே பொறுமையாக நடக்கின்றன, இந்த மனிதருக்குள் இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது, எங்களுக்கு ஏன் அதில் ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை. நடக்கிறேன். "முந்துத" என்று ஆர்கனுக்கு மேலே சத்தம் போடுகிறார். அவருக்கு எதிரே சின்னக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறது, அதில் நான் தெரிகிறேன். குறைக்கிறேன். "தோள இறக்கு." இறக்குகிறேன். "கால இழுக்காத, எடுத்து வை, ம், இப்ப, ம், இப்ப." என் கால்கள் அவர் சொல்லுக்கு விழுகின்றன, நான் வேண்டாம் என்கிறேன், அவை விழுகின்றன. அப்போதுதான் எனக்கு உறைக்கிறது, நான் என்ன செய்துகொண்டேன் என்று. அந்த மடக்கின முழங்கை வெறும் முழங்கைதான், பிடிக்கவில்லை என்றால் லேசாக வைத்துக்கொண்டு வந்திருக்கலாம், யாருக்கும் தெரியாமல் விலக்கியிருக்கலாம். இதை எப்படி விலக்குவது. ஒவ்வொரு அடியும் அவர் கொடுத்த அடி. ஊரே எழுந்து நிற்கும், கிளாட்சன் அங்கே நின்று பார்ப்பான், நான் கிளாட்சனைப் பார்க்காமல் இவர் காலைக் கேட்டுக்கொண்டு வருவேன். நெட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அடி எண்ணுவேன். நின்றுவிட்டேன்.

இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு ஆர்கனும் நிற்கிறது. "ஏன் நின்னுட்ட? அந்த எடத்துல நிக்கதுக்கே வழியில்ல, வரி முடியலல்லா" என்கிறார். "அப்பா, இந்தப் பாட்டு எனக்கு வேண்டாம்" என்கிறேன். "இப்பத்தான கேட்ட?" "உங்க கையப் பிடிச்சிட்டு நடக்க எனக்குப் பிடிக்கல. அதனாலதான் கேட்டேன்." சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்னதா அது, இரண்டு வரியா, இதற்காகவா தூங்காமல் கிடந்தேன். "ஏட்டி!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஃப்ளோரா அக்கா ஒழுங்காக இருக்கிற காகிதங்களை ஒழுங்குபடுத்துகிறாள். அப்பா முழுசாகத் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார். அந்த முகத்தில் எங்கேயாவது வலிக்கிறதா என்று தேடுகிறேன், வலித்தால் நல்லது, வலிக்கட்டும். அவர் நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறார், யோசித்து முடித்ததும் நெற்றி நேராகிறது. "சரி, அப்ப நீ தனியா வந்துரு. நான் இங்க இருக்கேன். ரெண்டு பேருக்கும் நல்லதுதான?" என்றபடி பக்கத்தை முதலுக்குத் திருப்புகிறார். வலிக்கவில்லை. அவருக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டது. "தனியாத்தான் வருவேன். ஆனா நீங்க வாசிக்க வேண்டாம்" என்கிறேன். "ஃப்ளோரா அக்கா வாசிக்கட்டும். அவங்களுக்கு வர்றது எதுன்னாலும் சரி." "ஹெப்சி, அவ வேகம் ஒரே சீரா நிக்காது." "நிக்காண்டாம். நான் பாத்து நடந்துக்கிடுதேன்." அப்பா தன் கைகளைப் பார்க்கிறார், பிறகு கட்டைகளைப் பார்க்கிறார். "அப்ப நான் என்ன செய்யணும்?"

அது கோபமாகக் கேட்ட கேள்வி இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. "அம்மா பக்கத்துல உக்காருங்க. எல்லாரும் உக்காருவாங்கல்லா, அது மாதிரி" என்கிறேன். ஃப்ளோரா அக்கா பயந்துகொண்டே நிற்கிறாள். "உக்காருங்கக்கா, வாசிங்க" என்கிறேன் அவளிடம். அப்பா எழுந்து, ஆர்கன் படியிலிருந்து இறங்கி, வழி தெரியாத ஊரில் இறங்கினவர் மாதிரி பெஞ்சு வரிசைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் ஆயுசில் அவர் இந்தக் கோயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அம்மா இங்கே தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொரு ஞாயிறும், பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு, யாராவது அங்கே ஆள் வருமா என்று கேட்டால் இல்லை உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டு. "எங்க உக்காரணும்?" என்று கேட்கிறார் அப்பா. அம்மா என்னை முறைக்கிறாள், அவரை முறைக்கிறாள், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "இங்கனதான்" என்கிறாள். "சேலய மிதிக்காம உக்காருங்க."